இப்ப கதவு திறக்கேலாது

ஐயாவின் ஆட்டைத் திவசம் முடிந்து மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகைக் கடைசி. எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். ஸ்ரூடியோவைத் திறந்தாலும் ஒருத்தரும் வரப்போவதில்லை என்று வீட்டிலேயே நின்றுவிட்டேன். பின்னேரம் கரண்டும் போனது. மடிக்கணினியில் மூன்று மணித்தியாலத்துக்குப் பற்றரி இருந்தது. அம்மா முன்னறையில் படுத்திருந்தா. நான் பின் விறாந்தையில் இருந்துகொண்டு, இருபத்தொரு வருசத்துக்கு முன்னர் ஒரேயொரு தரம் பார்த்து, இனி வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த படத்தைப் போட்டேன்.

நிக்கலஸ் ரோக் இயக்கிய ‘டோன்ட் லுக் நவ்’. 1973இல் வந்தது. டாஃப்னி டு மொரியே 1971இல் வெளியிட்ட கதையொன்றிலிருந்து எடுத்த படம். பேய்ப்படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2003இல் நானும் அப்படி நினைத்துத்தான் பார்த்தேன். அப்போது சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்தது. ஸ்கேனர் ஒன்று வாங்கக் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் சிநேகிதன் ஒருவனின் அறையில் தங்கியிருந்தேன். அவனிடம் இருந்த டிவிடி அது. முதல் சில நிமிடங்களிலேயே நான் எழும்பிப் போய் வெளியில் நின்றேன். திரும்பி வந்து மிச்சத்தைப் பார்த்தது உண்மை. ஆனால் கண் பார்த்ததை மனம் வாங்கவில்லை.

முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புற வீடு. ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஜோனும் லோராவும்: டொனால்ட் சதர்லண்ட், ஜூலி கிறிஸ்டி. வெளியே பிள்ளைகள் இரண்டு பேர் விளையாடுகிறார்கள். மகன் சைக்கிளில். மகள் சிவப்பு மழைக்கோட்டோடு குளக்கரையில். ஜோன் பழைய தேவாலயங்களைத் திருத்துகிறவன். வெனிஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் சிலைட்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதிலொன்றில், வாங்கில், முதுகு காட்டியபடி, சிவப்பு முக்காடு போட்ட சின்ன உருவம். கிளாஸ் தட்டுப்பட்டுத் தண்ணீர் சிலைட்டில் ஊற்றுகிறது. அந்தச் சிவப்பு கரைந்து வளைந்து படம் முழுக்க ஊருகிறது.

ஜோன் தலையை நிமிர்த்துகிறான். வெளியில் ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஆனாலும் எழும்புகிறான், வெளியே போகிறான், பிறகு ஓடுகிறான். குளத்துக்குள் இறங்கி மகளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும்போது அவனுடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. அதை அழுகை என்று சொல்ல எனக்கு வரவில்லை. மனிசச் சத்தமென்றே சொல்ல வரவில்லை.

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னர் ஒருமுறை கேட்டிருக்கிறேன். 1986 மார்கழி. வழுக்கியாற்றங்கரையில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வழுக்கியாறு தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாரியில் மட்டும் ஓடுகிற ஒன்று இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று குளங்களை நிரப்பி நிரப்பி இறங்கி, அராலியில் கடல் நீரேரியில் போய் விழும். கோடையில் அந்த இடத்தில் மாடு மேயும், பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஆறு இருந்த அடையாளமே தெரியாது. பிறகு ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாள் காலமை எழும்பிப் பார்த்தால் தண்ணீர் வந்து நிற்கும். வருசா வருசம் அதே இடத்துக்கு.

தங்கச்சிக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வெள்ளம் பார்க்கப் போனவள்.

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினபோது அவளின் தலைமுடி சொட்டச் சொட்ட ஈரம். அம்மா துவாயை எடுத்துத் துடைக்கத் தொடங்கினா. துடைத்துக்கொண்டே இருந்தா. நின்ற பெரியவர்கள், “காணும் பிள்ளை, பொழுது படமுதல் கொண்டுபோக வேணும்” என்று அம்மாவின் கையைப் பிடித்து விலத்தினார்கள். சின்னப் பிள்ளை என்றபடியால் எரிக்கவில்லை, தாட்டார்கள். தலை காயமுதலே கொண்டுபோய்விட்டார்கள்.

*

ஐயா படப்பிடிப்பாளர். கடை சுன்னாகத்தில். ஆனால் கழுவுகிற வேலை முழுக்க வீட்டில்தான். பின்பக்கத்தில் முன்னர் மாடு கட்டின கொட்டிலைச் சுவர் வைத்து அடைத்து டார்க்றூம் ஆக்கியிருந்தார். உள்ளே ஒரு சிவப்பு பல்ப், என்லாஜர், வரிசையாக மூன்று தட்டங்கள், சுவரில் பெரிய மணிக்கூடு. அந்தக் காலத்தில் கலர் றோல் எல்லாம் வெளியே அனுப்பித்தான் கழுவுவிப்பார். கறுப்பு வெள்ளை மட்டும் தானே கழுவுவார். அடையாள அட்டைப் படம், பாஸ்போட் படம், சோதனைக்குப் போகிற பிள்ளைகளின் படம்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. டார்க்றூம் கதவு சாத்தியிருந்தால் திறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் பேப்பர் முழுக்கக் கறுத்துப்போகும். ஆர் தட்டினாலும் உள்ளேயிருந்து ஐயாவின் ஒரே பதில்: “இப்ப கதவு திறக்கேலாது.” எனக்கும் தங்கச்சிக்கும் அது பாட்டு மாதிரிப் பாடம். கோழி கூட்டுக்குள் போய் அடைபட்டால்கூட, “இப்ப கதவு திறக்கேலாது” என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் போன பிறகு ஐயா இரவிரவாக டார்க்றூமில் இருந்தார். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு நாள் உள்ளே நிற்க விட்டார். அவளின் படத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். ஒரே நெகட்டிவ், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நிற்கிற படம். டெவலப்பரில் வெறும் வெள்ளைப் பேப்பரைப் போட்டு மெல்ல ஆட்டுவார். கறுப்பாக இருக்கிறவைதான் முதலில் வரும். ஆகவே முதலில் கண்மணி இரண்டும் வரும். பிறகு முடி. பிறகு புருவம், மூக்கின் ஓரம். வெள்ளைச் சட்டை கடைசியில்தான், மெல்லிய கோடாக. அந்த இடையில், ஒரு பத்து விநாடி, தண்ணீருக்கடியிலிருந்து இரண்டு கண் மட்டும் எங்களைப் பார்க்கும். சிவப்பு வெளிச்சத்தில். ஐயா அந்தப் பத்து விநாடிக்காகத்தான் திரும்பத் திரும்ப அடித்தார் என்று இப்போது நினைக்கிறேன். அடித்து முடித்த படங்களை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. சுவரில் மாட்டவும் விடவில்லை.

ஆகவே ரோக்கின் படத்தில் அந்தச் சிவப்பு ஊருகிற இடம் எனக்கு வெறும் தொழில்நுட்பமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் சனத்தோடு சனமாக நாங்களும் மழைக்குள் நடந்தோம். ஐயா ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் நெகட்டிவ்களை வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் பைக்குள் தங்கச்சியின் ஒரேயொரு கலர்ப் படம் இருந்தது. ஏழாவது பிறந்தநாளுக்கு எடுத்தது. கறுப்பு முடி, நீலச் சட்டை, பின்னால் வாழை. சாவகச்சேரியில் போய்ப் பையைத் திறந்தால் படம் ஊறிப்போய்க் கிடந்தது. முடி சிவப்பாக இருந்தது. நீலச் சட்டை ரோஸ் நிறம். வாழை மஞ்சள். அம்மா பயந்துபோனா. “என்னப்பா, பிள்ளைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டா. பிள்ளை போய் ஒன்பது வருசம்.

ஐயாதான் ஏன் என்று சொன்னார். கலர்ப் பேப்பரில் மூன்று படை இருக்கிறது. மேலே நீலப் படை, நடுவில் ரோஸ், அடியில் மஞ்சள். தண்ணீர் மேலிருந்துதான் தின்னும். நீலம் முதலில் போகும். நீலம் போனால் கறுப்பாக இருந்தது சிவப்பாகும், பச்சை மஞ்சளாகும். ரோஸும் போனால் மஞ்சள் மட்டும் மிஞ்சும். அதுவும் போனால் வெறும் பேப்பர். 2004 மார்கழி 26இல் கடல் வந்த பிறகு, வடமராட்சி கிழக்குப் பக்கத்துச் சனம் சேறு ஒட்டின படங்களை எங்களிடம் கொண்டுவந்தது. உடுத்துறையிலிருந்து, மணற்காட்டிலிருந்து. நல்ல தண்ணீரில் மெல்ல அலசிக் கொடியில் போட்டுக் காயவிட்டு, காய்ந்ததை ஸ்கேன் பண்ணி, போன நீலத்தைக் கணினியில் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் தாய்மாரும் பிள்ளைகளும் சிவப்பு முடியோடு இருந்தார்கள். தண்ணீர் தொட்டால் சிவப்பு வரும் என்பதை ரோக் எங்கிருந்து அறிந்தாரோ தெரியாது. அவர் கமெராக்காரராக இருந்து இயக்குநரானவர். ஜூலி கிறிஸ்டியை முன்னரே ‘ஃபாரன்ஹைட் 451’ படத்தில் ஒளிப்பதிவு செய்தவர். நிறம் என்ன செய்யும் என்று கையால் தெரிந்தவர்.

*

டு மொரியேயின் கதையில் அந்தப் பிள்ளை மூளைக்காய்ச்சலில் சாகிறாள். தண்ணீரில் சாகவைத்தது படக்காரர்கள். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். தாயும் தகப்பனும் துக்கத்தோடு போய் நிற்கிற ஊர் வெனிஸ். திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர். அதுவும் மாரிக்கால வெனிஸ். உல்லாசப் பயணிகள் போய்விட்டார்கள், ஹோட்டலைப் பூட்டப் போகிறார்கள், கதிரைகளுக்குத் துணி போட்டு மூடுகிறார்கள். லோரா மகளைக் கண்டு கத்துகிற கத்தல் அப்படியே வெனிஸில் சுவர் துளைக்கிற மெசினின் இரைச்சலாக மாறுகிறது. நடுவில் எத்தனை மாதம் போனதென்று படம் சொல்லவில்லை. அந்தக் கத்தல் நிற்கவேயில்லை என்று மட்டும் சொல்கிறது.

சாப்பாட்டுக் கடையில் இரண்டு வயதான சகோதரிகள். ஒருத்திக்குக் கண் தெரியாது. அந்தக் கண் தெரியாதவள் லோராவிடம் சொல்கிறாள்: உன் மகளைக் கண்டேன், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். லோரா மேசையோடு மயங்கி விழுகிறாள். ஆஸ்பத்திரியில் கண் முழிக்கும்போது அவளின் முகத்தைப் பாருங்கள். ஜூலி கிறிஸ்டி அந்த இடத்தில் செய்திருப்பதை எப்படிச் சொல்ல? பல மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் யன்னலைத் திறந்த மாதிரி. சந்தோசமாக இருக்கிறாள். அது ஜோனுக்குப் பிடிக்கவில்லை. பயப்படுகிறான்.

நான் அந்த இடத்தில் படத்தை நிற்பாட்டிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் போனவ. தங்கச்சி போய் நாலைந்து மாதத்தால், ஒரு செவ்வாய்க்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு. எங்கள் பக்கத்தில் கலை வந்து வாக்குச் சொல்லுகிற ஒரு அம்மா இருந்தா. மற்ற நாட்களில் பனையோலைப் பெட்டி இழைத்து விற்கிற சாதாரண மனிசி. ஓலை வீட்டுக்குள் அம்மன் படம், எலுமிச்சம்பழம், கற்பூரம். அம்மா வெற்றிலையில் காசை வைத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தா. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் தோள் இரண்டும் உலுக்கத் தொடங்கியது.

“வந்திட்டாள். உன்ர வலப்பக்கத்தில நிக்கிறாள். சிரிக்கிறாள்.”

அம்மா வலப்பக்கம் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி, மெல்ல, ஒரேயொரு கேள்வி கேட்டா.

“தலை ஈரமோ?”

அந்த அம்மா பதில் சொல்ல நேரமெடுத்தா. பிறகு சொன்னா: “இல்லைப் பிள்ளை. காஞ்சு போச்சு. வடிவா இழுத்து ரெட்டைப் பின்னல் பின்னியிருக்கு.”

வீட்டுக்கு வந்து அம்மா குளித்தா. தனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தா. அன்றிரவு எங்களோடு இருந்து சோறு சாப்பிட்டா. மாதக்கணக்காக இல்லாத பழக்கம். ஐயா அவவின் முகத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுகொண்டார்.

“எங்க போனனீர்?”

அம்மா சொன்னா.

“எவ்வளவு குடுத்தனீர்?”

“ரெண்டு ரூவா.”

“செத்த பிள்ளையை வச்சு உழைக்குதுகள்” என்றுவிட்டு ஐயா எழும்பிப் போய் டார்க்றூம் கதவைச் சாத்தினார்.

நான் அப்போது ஐயாவின் பக்கம். வளர்ந்து புத்தகங்கள் வாசித்த பிறகு இன்னும் கூடுதலாக ஐயாவின் பக்கம். இப்போது அப்படியில்லை. அந்த அம்மாவுக்கு உண்மையில் தெரிந்ததோ, ஒரு தாயின் வாயிலிருந்து வந்த கேள்வியிலேயே பதிலைப் பிடித்தாவோ, அதில் எனக்கு வழக்கில்லை. ஊர்ச்சனம் விலத்திவிட்ட கையை அவ திரும்பக் கொண்டுபோய்ப் பிள்ளையின் தலையில் வைத்தா. துடைத்து முடிக்கவிட்டா.

கடைக்கு வருகிற தாய்மாரையும் இதில் நினைக்கிறேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கொண்டுவந்து, “வெயிலில வெளிறிப் போச்சு தம்பி, புதுசா அடிச்சுத் தாங்கோ” என்பார்கள். 2017 மாசியில் கிளிநொச்சியில் வீதியோரம் இருக்கத் தொடங்கினவர்கள் பிடித்திருக்கிற படங்கள் மாதிரியானவை. லமினேற் பண்ணும் வரை காத்திருக்கும்போது சொல்லுவார்கள், சாத்திரி சொன்னவர் உயிரோடு இருக்கிறானாம், தண்ணிக்குக் கிட்ட ஒரு இடத்திலயாம். நான் ஓமம்மா என்பேன். அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு சொல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

*

படத்தில் கண் தெரியாத பெண் இன்னொன்றும் சொல்கிறாள். ஜோனுக்கும் அந்தப் பார்வை இருக்கிறதாம், அவன்தான் ஏற்கிறானில்லை. அதுதான் இந்தப் படத்தின் நடுமுள். நம்புகிறவள் லோரா, ஆனால் அவள் ஒன்றையும் காணவில்லை. காண்கிறவன் அவன். கண்டதை நம்பாமல் வேலையில் தலையைப் புதைக்கிறான். உடைந்த சித்திரக் கற்களுக்குப் பொருத்தமான கல் தேடுகிறான். சாரத்தில் ஏறி நிற்கும்போது மேலிருந்து பலகை விழுந்து சாரம் நொறுங்க, கயிற்றில் தொங்குகிறான். தொங்குவது சதர்லண்டேதான். அதற்கு முன்னரே, வெனிஸை விட்டுப் போ, ஆபத்து என்று செத்த மகள் சொல்வதாக லோரா வந்து மன்றாடியிருந்தாள். அவன் போகவில்லை.

பிறகு, மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் விபத்து என்று லோரா இங்கிலாந்துக்குப் பறந்த அதே நாளில், வெனிஸின் கால்வாயில் எதிரே வருகிற படகில் அவளைக் காண்கிறான். கறுப்பு உடுப்பு. பக்கத்தில் அந்த இரண்டு சகோதரிகள். தன் மனைவியை அவர்கள் கடத்திவிட்டார்கள் என்று பொலிசுக்கு ஓடுகிறான். அவன் கண்டது தன்னுடைய சவ ஊர்வலத்தை. கண்டது சரி, நாள்தான் பிழை. ரோக்கின் படத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் காலம் கலங்கிக் கிடப்பது வெறும் வித்தையல்ல. துக்க வீட்டில் நாட்காட்டி அப்படித்தான் இருக்கும்.

அந்தப் படுக்கையறைக் காட்சியைப் பற்றித்தான் அந்தக் காலத்தில் எல்லோரும் கதைத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்திருப்பதையும், பிறகு தனித்தனியே நின்று உடுப்புப் போடுவதையும் மாறி மாறி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் தெரிந்தது துக்கம் மட்டும்தான். என் அம்மாவும் ஐயாவும் அதற்குப் பிறகு ஒரே வீட்டில் முப்பத்தேழு வருசம் இருந்தார்கள். ஒருத்தருக்கொருத்தர் குறை வைக்கவில்லை. தங்கச்சியின் பெயரை ஒருத்தர் முன் மற்றவர் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருசம் ஐப்பசியில் ஐயா சொன்னார். அப்போது நடக்க மாட்டாமல் இருந்தார். பின் விறாந்தையில், டார்க்றூம் கதவைப் பார்த்தபடி கதிரையைப் போடச் சொல்லுவார். அது இப்போது சாமான் போட்டு வைக்கிற அறை. கதவு அதே கதவு.

“தம்பி, அண்டைக்கு நாலு பத்து” என்றார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

“சோதனைப் பிள்ளையளின்ர படம். பன்ரெண்டு. பேப்பரை டெவலப்பரில போட்டுட்டு மணிக்கூட்டைப் பாத்தனான். நாலு பத்து. அப்ப கதவில தட்டிக் கேட்டது. மூண்டு தரம். இப்ப கதவு திறக்கேலாது எண்டன். பேந்து சத்தமில்லை.”

“ஐயா, ஆரும் தட்டியிருப்பினம்.”

“கீழ தட்டினது, தம்பி.” கையைப் பதித்து, கதிரைக் காலளவுக்குக் காட்டினார். “பெரியாக்கள் அப்பிடிக் கீழ தட்டமாட்டினம். கூடப் போன பெடியள் சொன்னவங்கள், அவள் தண்ணிக்குள்ள இறங்கேக்க நாலு மணியாம். நான் எத்தினை தரம் கணக்குப் பாத்திட்டன். நாலு பத்துக்கு அவள் இஞ்ச நிண்டிருக்கேலாது. நிண்டவள். என்னட்ட வந்தவள். பேப்பர் பழுதாப்போகும் எண்டு நான் திறக்கேல்ல.”

கொஞ்சம் பொறுத்து, “கொம்மாவுக்குச் சொல்லாதை” என்றார். அடுத்த மாதம் போய்விட்டார்.

வாக்குச் சொல்லுகிற மனிசியை ஏசின என் ஐயா, எங்கள் எல்லோரையும்விடக் கூடுதலாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். முப்பத்தேழு வருசம், அந்தக் கதவுக்கு முன்னால்.

படத்தின் கடைசியில் ஜோன் அந்தச் சிவப்புக் கோட்டைத் திரும்பக் காண்கிறான். இரவு, புகார், ஒடுங்கிய ஒழுங்கைகள். சின்ன உருவம் ஒன்று ஓடுகிறது. நகரத்தில் கொலைகாரன் திரிகிறான் என்று படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவன் அதை நினைக்கவில்லை. பின்னால் போகிறான். இரும்புப் படலையைத் தனக்குப் பின்னால் சாத்துகிறான். ஒரு மூலையில் அது சுவர்ப்பக்கம் திரும்பி நின்று விம்முகிறது. அவன் கிட்டப் போய், பயப்படாதே என்கிற குரலில் கதைக்கிறான். குளத்தில் அவனுக்குப் பிந்திப்போன நேரத்தை இங்கே பிடிக்கலாமென்று நினைத்தவன் போலத்தான் எனக்குப் பட்டது. அது திரும்புகிறது. பிள்ளையில்லை. வயதுபோன, குள்ளமான ஒரு பெண். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே கத்தியை எடுக்கிறாள்.

2003இல் நான் அந்த முகத்துக்குப் பயந்தேன். இந்த முறை பயந்தது அந்தத் தலையாட்டலுக்கு. இல்லை, நீ நினைத்த ஆள் நானில்லை.

சதர்லண்ட் 2024 ஜூன் 20 காலமானார். பத்திரிகைகளில் அவருடைய எத்தனையோ வேசங்களைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அவர் தண்ணீரிலிருந்து பிள்ளையைத் தூக்கின கை மட்டும்தான்.

டு மொரியேயின் கதையில், தலைப்பாக வருகிற அந்தச் சொற்கள் முதல் வரியிலேயே கணவன் மனைவிக்குச் சொல்வது. இப்போது திரும்பிப் பார்க்காதே.

*

படம் முடிந்தபோது இருட்டிவிட்டது. அம்மா எழும்பி மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தா. “என்ன படம் தம்பி, அழுது போட்டிருக்கிறாய்?” என்று கேட்டா. கதையைச் சொன்னேன். ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தா. சிவப்புக் கோட்டுப் பிள்ளை தண்ணீருக்குள் போன இடத்தில் கண்ணை மூடினா, பிறகு “சொல்லு” என்றா. சொல்லிக்கொண்டு போனவன் நிற்பாட்டத் தெரியாமல் ஐயா சொன்னதையும் சொல்லிவிட்டேன். மணி நாலு பத்து. மூன்று தரம். கீழே.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மெழுகுதிரியை நிலத்தில் வைத்தா.

“அது நானடா” என்றா.

எனக்கு விளங்கவில்லை.

“நான்தான் தட்டினனான். ஒரு கையில தேத்தண்ணி. மற்றக் கையில பருத்தித்துறை வடை வச்ச தட்டு. கை ரெண்டும் பிடிச்சிருந்தபடியா காலால தட்டினனான். இப்ப கதவு திறக்கேலாது எண்டார். கோப்பையையும் தட்டையும் கதவடியில வச்சு, மேல மூடிப்போட்டு வந்தன். வந்து அடுப்பை அணைக்கேக்க பெடியள் ஓடி வந்தவங்கள்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டா.

“மூண்டு நாளா அதிலதானே கிடந்தது. ஒருத்தரும் எடுக்கேல்லை. அவர் அதைக் காணேல்லையோ?”